பழைய ஜல்லியும் புதிய கான்கிரீட்டும்

நம் ஊர்களில் ஒரு பழைய வீட்டை இடிப்பதற்குப் பேரம் பேச வருகிறவர்கள் முதலில் நோட்டம் பார்ப்பது கதவையும் நிலையையும் ஜன்னலையுந்தான். தேக்கு மரத்துக்கு ஒரு விலை. இரும்புக் கம்பிக்கு எடைக்கு இவ்வளவு என்று ஒரு விலை. உடையாமல் கழன்று வரும் செங்கல்லுக்கும், கால்பட்டுத் தேய்ந்து மெருகேறிய கருங்கல் படிக்குங்கூட யாராவது ஒருவர் விலை சொல்லி எடுத்துக்கொண்டு போவார். இவையெல்லாம் போனபின், தளமாகவும் தூணாகவும் உத்தரமாகவும் நின்று அந்த வீட்டின் பாரம் முழுவதையும் ஐம்பது ஆண்டுக் காலம் தாங்கிய கான்கிரீட் மாத்திரம் கேட்பாரற்றுக் குவியலாகக் கிடக்கும். அதற்கு விலை இல்லை என்பதோடு நில்லாமல், அதை அப்புறப்படுத்துவதற்கு நாமே லாரிக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த லாரி இரவோடிரவாக அதை எந்த ஏரிக்கரையில் சரித்துவிட்டுத் திரும்பிற்று என்று நாம் விசாரிப்பதும் இல்லை. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்கள் வரவர மேடிட்டுப் போனதில் இப்படிக் கொட்டப்பட்ட இடிபாடுகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

அதே மனையில் எழும்பப்போகும் புது வீட்டுக்கோ, எங்கோ ஒரு மலையை வெடிவைத்துப் பிளந்து, பெரும் பாறைகளைக் கிரஷரில் கொடுத்து நொறுக்கி, முக்கால் இஞ்சு, ஒன்றரை இஞ்சு என்று சலித்துப் பிரித்த கருங்கல் ஜல்லி யூனிட் கணக்கில் வந்து இறங்குகிறது. கான்கிரீட்டின் மொத்தக் கன அளவில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஜல்லியும் மணலுமே. எஞ்சிய கால் பங்குதான் சிமெண்டும் தண்ணீரும். ஆகவே, வெளியேறுகிற லாரியிலும் உள்ளே வருகிற லாரியிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே வஸ்துதான் என்பதை உணர்கிறவர்களுக்கு, இந்தப் பழைய கான்கிரீட்டையே உடைத்து ஜல்லியாக்கிப் புதிய கான்கிரீட்டில் போட்டால் என்ன என்ற யோசனை தோன்றாமல் இராது. தோன்றிய மறு கணமே, அப்படிப் போட்டால் கட்டடத்துக்குப் பலம் இருக்குமா என்ற பயமும் கூடவே எழும். அந்தப் பயம் முழுவதும் ஆதாரமற்றதன்று. ஆனால் அது எங்கே நியாயமானது, எங்கே வீணானது என்று பகுத்தறிவதற்குப் போதிய பரீட்சைகளை உலகம் இதற்குள் செய்து முடித்திருக்கிறது.

உடைந்த கட்டடப் பொருளைக் கொண்டு மீண்டும் கட்டுவது புதிதாக முளைத்த விஷயமன்று. ரோமாபுரிக் காலத்துக் கட்டடக்காரர்கள் உடைந்த ஓட்டையும் செங்கல்லையும் சுண்ணாம்புக் கலவையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். நம் நாட்டிலோ, ஓட்டு மச்சுத் தளங்களின் மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளங்களில் இரண்டு மூன்று தலைமுறைகளாக ஒழுகாமல் இருப்பவை இன்றும் உண்டு.

ஆனால் இதைப் பெரிய அளவில், சாஸ்திர ரீதியாகச் செய்யும்படி நிர்ப்பந்தித்தது இரண்டாம் உலக யுத்தமே. 1945-ல் யுத்தம் முடிந்தபோது ஜெர்மனியின் நகரங்களில் குவிந்து கிடந்த இடிபாடு 40 கோடி முதல் 60 கோடி கனமீட்டர் வரை இருக்குமென்று மதிப்பிட்டார்கள். தங்க வீடில்லாத லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரு புறம், தெருவை அடைத்துக்கொண்டு கிடக்கும் கல் மலைகள் மறுபுறம் என்ற நிலையில், பெண்களும் முதியவர்களும் கைக்குக் கை வாளி மாற்றி அந்தக் குவியல்களைப் பிரித்தெடுக்க, யந்திரசாலைகள் அவற்றை நொறுக்கி ஜல்லியாக்கின. 1955-ஆம் ஆண்டு முடிவதற்குள் இவ்விதம் கிடைத்தது சுமார் 1 கோடியே 15 லட்சம் கனமீட்டர். அதைக் கொண்டு கட்டிய குடியிருப்புகள் ஏறக்குறைய 1,75,000. செங்கல் நொறுக்கைப் போட்டுச் செய்யும் கான்கிரீட்டுக்கென்றே ஒரு தனித் தர விதியையும் 1951-ல் ஜெர்மானியர் வகுத்துக்கொண்டார்கள். உடைத்த பழைய கான்கிரீட்டின் குணங்களைப் பற்றிச் சோவியத் ஆராய்ச்சியாளர் குளூஷ்கே 1946-லேயே எழுதியிருக்கிறார்.

வறுமையில் தொடங்கிய இந்த வழக்கம் பின்னர் வசதியுள்ள காலத்திலும் தொடர்ந்தது. இங்கிலாந்தில் வாட்ஃபோர்டு நகருக்கு அருகே உள்ள கட்டட ஆராய்ச்சி நிலையம் 1995, 96-ஆம் ஆண்டுகளில் தனக்கென்று ஓர் அலுவலகக் கட்டடத்தை நிர்மாணித்தபோது, மத்திய லண்டனில் இடிக்கப்பட்ட பன்னிரண்டு அடுக்கு அலுவலகம் ஒன்றின் கான்கிரீட்டை உடைத்துக் கொண்டுவந்து, 1,500 கனமீட்டருக்கு மேற்பட்ட புதிய கான்கிரீட்டில் அதை ஜல்லியாக உபயோகித்தது. அஸ்திவாரத்தில் மட்டுமன்றித் தூணிலும் தளத்திலும் அது இடம்பெற்றது என்பதுதான் இங்கே கவனிக்கத் தக்கது.

இனி, அந்தப் பழைய ஜல்லியின் சுபாவத்தை நேரில் பார்ப்போம். உடைத்த கான்கிரீட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், மலையிலிருந்து நேரே வந்த ஜல்லியைப் போல அது ஒரே கல்லாக இராது. ஒரு பக்கம் கரு நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ பழைய கருங்கல்லின் முகம் தெரியும். மறு பக்கத்தில் வெளுத்த சாந்து ஒரு பொருக்குப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் கீறினால் கருங்கல் அசையாது. சாந்து மாவாக உதிரும். அந்தப் பொருக்கின் கனம் துண்டுக்குத் துண்டு வேறுபடும். துண்டு சிறியதாக ஆக ஆக, அதில் கல்லின் பங்கு குறைந்து சாந்தின் பங்கு கூடிக்கொண்டே போகும். கல்லுக்கு வயதாகி அதன் பலம் குன்றிவிட்டது என்று பலர் எண்ணுவது தவறு. கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் கிடந்த பாறைக்கு, ஒரு வீட்டின் தளத்துக்குள் ஐம்பது ஆண்டுகள் கிடந்ததனால் ஒரு குறையும் வந்துவிடாது. பழைய ஜல்லியின் குறைகள் என்று சொல்லப்படுபவை யாவும் அந்த ஒட்டிய சாந்தின் குறைகளே.

அந்தச் சாந்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. உடைக்கும் யந்திரத்தின் அடியில் விழுந்த மயிரிழை விரிசல்கள் வேறு. ஆகவே அது தண்ணீரை இழுக்கிறது. பழைய சுவரில் புதுப் பூச்சு வைக்குமுன் கொத்தனார் வாளி வாளியாகத் தண்ணீர் அடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அடிக்காவிட்டால், பூச்சில் உள்ள ஈரத்தையெல்லாம் சுவரே குடித்துவிட, பூச்சு பிடிக்காமல் உதிர்ந்துபோகும். கான்கிரீட்டுக்குள் பழைய ஜல்லி செய்யும் காரியமும் இதுவே. நல்ல கருங்கல் ஜல்லி தன் எடையில் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை நீரை உறிஞ்சுகிறது. பழைய கான்கிரீட் ஜல்லியோ 3 சதவீதம் முதல் 10 சதவீதம் வரை உறிஞ்சக்கூடியது.

இந்தச் சிறிய எண்கள் எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகின்றன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டில் ஏறத்தாழ 1,100 கிலோ ஜல்லியும் 180 லிட்டர் தண்ணீரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காய்ந்த கருங்கல் ஜல்லி அரை சதவீதம் உறிஞ்சினால் போவது ஐந்தரை லிட்டர்; அது ஒரு பொருட்டன்று. முழுவதும் பழைய ஜல்லியாக இருந்து 5 சதவீதம் உறிஞ்சினால் 55 லிட்டர், அதாவது கலந்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, காணாமற் போய்விடும். கலவை இறுகிப்போய் மண்வெட்டிக்கு வரவில்லையே என்று வேலையாட்கள் கைக்கு வந்தபடி இன்னும் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றுவார்கள். ஊற்றியது அளவுக்கு மிஞ்சினால், சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் இருக்க வேண்டிய விகிதம் கெட்டுப் பலம் சரிந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு மட்டும் பழைய ஜல்லியைப் போட்டாலோ, மொத்தமாக உறிஞ்சப்படுவது பதினைந்து லிட்டர் அளவோடு நின்றுவிடும். அதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்வது எந்தப் பொறியாளருக்கும் சுலபம்.

பலத்தைப் பரீட்சிக்கும் முறை நம் நாட்டில் எங்கும் ஒன்றே. ஒவ்வொரு பக்கமும் 150 மில்லிமீட்டர் உள்ள இரும்பு அச்சில் கான்கிரீட்டை வார்த்து, மறுநாள் அச்சைக் கழற்றி, 28-ஆம் நாள் வரை தண்ணீருக்குள் போட்டு வைத்து, பின்பு அந்தக் கனசதுரத்தை யந்திரத்தில் இட்டு நொறுங்கும்வரை அமுக்குகிறார்கள். எம் 25 என்று பெயர் பெற்ற கான்கிரீட் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். அதாவது அந்தச் சிறு கட்டியின் தலைமேல் சுமார் 57 டன் பாரம் ஏறும்வரை அது நொறுங்கக் கூடாது. நொறுங்கிய கட்டியைப் பிட்டுப் பார்ப்பதில் ஒரு பாடம் இருக்கிறது. சாதாரணக் கான்கிரீட்டில் விரிசல் பெரும்பாலும் ஜல்லியைச் சுற்றிக்கொண்டு, கல்லும் சாந்தும் சந்திக்கிற விளிம்பு வழியாக ஓடியிருக்கும்; அந்த விளிம்புதான் கான்கிரீட்டில் பலம் குறைந்த இடம். பழைய ஜல்லி போட்டதில் அப்படிப்பட்ட விளிம்புகள் இரண்டு உண்டு. பழைய கல்லுக்கும் பழைய சாந்துக்கும் நடுவே ஒன்று. பழைய சாந்துக்கும் புதிய சாந்துக்கும் நடுவே மற்றொன்று. விரிசல் இவற்றில் எது எளிதோ அதைப் பிடித்துக்கொள்ளும். பல இடங்களில் பழைய சாந்தை ஊடறுத்தே போயிருப்பதையும் காணலாம்.

பல தேசங்களில் செய்த பரீட்சைகளின் முடிவுகளைத் தொகுத்துச் சொன்னால், கருங்கல் ஜல்லியை முழுவதும் நீக்கிவிட்டுப் பழைய கான்கிரீட் ஜல்லியையே போட்டால் அமுக்க வலிமை பொதுவாக 10 முதல் 25 சதவீதம் வரை குறைகிறது. நூற்றுக்கு முப்பது பங்கு வரை மாற்றினால் ஏற்படும் வித்தியாசமோ, ஒரே கலவையில் வார்த்த இரண்டு கட்டிகளுக்குள் இயல்பாகவே காணப்படும் ஏற்றத்தாழ்வுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. புதிய கான்கிரீட்டிடம் நாம் கேட்கும் பலம் பழைய சாந்தின் பலத்துக்கு உட்பட்டதாயின், ஜல்லி பழையதாக இருப்பது ஒரு தடையன்று. அதைவிட அதிகமாகக் கேட்டால்தான் பழைய சாந்து எல்லாவற்றுக்கும் முந்தி விட்டுக்கொடுத்து மொத்தத்தையும் கீழே இழுக்கிறது. நடுத்தரமான வீட்டுக்கு ஏற்ற பொருள் வானளாவும் மாளிகையின் தூணுக்கு ஏற்காமல் போவதன் ரகசியம் இதுவே.

ஆயினும் நொறுங்கும் பலம் ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது கட்டடக் கலைக்கு ஒவ்வாது. பாரம் ஏறும்போது கான்கிரீட் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது, உலரும்போது எவ்வளவு சுருங்குகிறது, ஆண்டுக்கணக்கில் ஒரே பாரத்தைச் சுமந்தால் எவ்வளவு தளர்கிறது என்பவையும் அவ்வளவே முக்கியம். இவற்றில் பழைய ஜல்லியின் பாதிப்பு பலத்தில் தெரிவதைவிட அதிகமாகவே தெரிகிறது. முழுவதும் பழைய ஜல்லியாக இருந்தால் கான்கிரீட்டின் விறைப்புத்தன்மை 15 முதல் 40 சதவீதம் வரை குறையலாம். சுருக்கம் 20 முதல் 50 சதவீதம் வரை கூடலாம். தூண் நின்றுவிடும், நீண்ட உத்தரமோ நடுவில் சற்று அதிகமாகத் தொய்யும், தளத்தில் மெல்லிய விரிசல்கள் ஓடும்.

இதுவரை சொன்னதெல்லாம் சுத்தமான கான்கிரீட்டை மட்டும் உடைத்த ஜல்லியைப் பற்றியதே. இடிபாட்டுக் குவியலோ அப்படிச் சுத்தமாக வருவதில்லை. அதில் செங்கல் துண்டு, ஓடு, மரச்சிராய், கண்ணாடி, பிளாஸ்டிக், வயர், பொய்க்கூரைக்குப் போட்ட ஜிப்சம் பலகை எல்லாம் கலந்திருக்கும். செங்கல் இன்னும் அதிகமாக நீர் குடிக்கும். மரம் ஈரத்தில் ஊதிப் பின் மக்கிப் பொந்தாகும். ஜிப்சத்தில் உள்ள சல்பேட்டு சிமெண்டோடு மெல்ல மெல்ல வினைபுரிந்து, உள்ளிருந்தே வீங்கிக் கான்கிரீட்டைப் பிளக்கும். கடற்காற்றில் பல ஆண்டுகள் நின்ற கட்டடத்தின் கான்கிரீட்டில் உப்பு ஏறியிருக்குமாதலால், அது கம்பியை அரிக்கும் அபாயமும் உண்டு. பழைய ஜல்லி போட்டுக் கெட்டது என்று சொல்லப்படும் வேலைகளைத் துருவிப் பார்த்தால், குற்றம் பழைய கான்கிரீட்டின்மேல் இராது. தரம் பிரிக்காமல் வாரிக் கொட்டியவர்கள்மேல்தான் இருக்கும்.

ஒட்டிய சாந்துதான் குறை என்று தெரிந்தபின், பரிகாரமும் அதைச் சுற்றியே அமைந்தது. எளிய பரிகாரம், ஜல்லியை முன்னதாகவே நனைத்து, மேல் ஈரம் ஆறிய பதத்தில் கலவையில் சேர்ப்பது. ஹாங்காங்கில் விவியன் டாம் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 2005-ல் வெளியிட்ட முறையில் தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்றுகிறார்கள். ஜல்லியையும் மணலையும் முதலில் பாதித் தண்ணீரோடு புரட்டி, அதன்மேல் சிமெண்டைப் போட்டு, பிறகு மீதித் தண்ணீரைச் சேர்க்கும்போது, பழைய சாந்தின் துளைகளுக்குள்ளும் விரிசல்களுக்குள்ளும் சிமெண்டுப் பால் புகுந்து அடைத்து, பலவீனமான அந்த விளிம்பையே கெட்டியாக்கிவிடுகிறது. ஜப்பானியர் இன்னும் ஒரு படி மேலே போய், ஜல்லியைச் சூடாக்கி ஒன்றோடொன்று உரசவிட்டுச் சாந்தையே கழற்றிவிடுகிறார்கள். 2005 முதல் 2007-க்குள் அவர்கள் வகுத்த தர விதிகளில் நீர் உறிஞ்சும் அளவே முக்கிய உரைகல்: 3 சதவீதத்துக்குள் உறிஞ்சினால் உயர்தரம், 5-க்குள் நடுத்தரம், 7-க்குள் கடைத்தரம். கரியமில வாயுவைப் பழைய ஜல்லிக்குள் செலுத்தி, அதில் எஞ்சியிருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு சேரச் செய்து, துளைகளைச் சுண்ணாம்புக்கல்லாலேயே நிரப்பும் முறையும் ஐரோப்பாவில் பரீட்சிக்கப்பட்டு வருகிறது.

நம் நாட்டின் சட்டம் இந்த விஷயத்தில் மௌனமாக இருக்கவில்லை. கான்கிரீட்டுக்கான ஜல்லியின் தரத்தை நிர்ணயிக்கும் ஐ.எஸ். 383 என்ற இந்திய விதி 2016-ல் திருத்தப்பட்டபோது பழைய ஜல்லிக்கு முதன்முறையாக முறையான ஸ்தானம் கொடுத்தது. சுத்தமான கான்கிரீட்டை உடைத்த ஜல்லியையும், செங்கல் முதலியன கலந்த இடிபாட்டு ஜல்லியையும் அது இரண்டு ஜாதியாகப் பிரிக்கிறது. முதல் வகையைக் கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையிலும், கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம் 25 தரம் வரையில் மட்டும் 20 சதவீதம் வரையிலும், அஸ்திவாரத்தின் அடியில் போடும் எம் 15-க்குக் குறைந்த சாதாரணக் கான்கிரீட்டில் முழுவதுமாகவும் போடலாம். இரண்டாம் வகைக்குக் கடைசியாகச் சொன்ன அந்தச் சாதாரணக் கான்கிரீட்டில் மட்டுமே அனுமதி. மேலே பார்த்த தண்ணீர்க் கணக்கும் பலத்தின் கணக்கும் அறிந்தவர்களுக்கு இந்த எண்கள் எங்கிருந்து பிறந்தன என்பது நன்கு விளங்கும். ஹாங்காங் அரசு தன் நகருக்கு வகுத்த விதியும் இதே 20 சதவீதத்தையே நடுத்தரக் கான்கிரீட்டுக்கு வரம்பாக வைத்திருக்கிறது.

அதே 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட கட்டடக் கழிவு மேலாண்மை விதிகள், ஒரு நாளைக்கு 20 டன்னுக்கு மேலோ, ஒரு வேலைக்கு மாதம் 300 டன்னுக்கு மேலோ இடிபாடு உண்டாக்குகிறவர்கள் அதைக் கான்கிரீட் ஒன்று, மண் ஒன்று, இரும்பும் மரமும் பிளாஸ்டிக்கும் ஒன்று, செங்கல்லும் சாந்தும் ஒன்று என நான்காகப் பிரித்தே தரவேண்டும் என்று கட்டளையிட்டன. 2025-ல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், 2026 ஏப்ரல் 1-ஐ அமல் தேதியாகக் கொண்டு, பெரிய கட்டடங்களைக் கட்டுகிறவர்கள்மேல் இந்தப் பொறுப்பை இன்னும் அழுத்தமாகச் சுமத்துகின்றன. டில்லியில் புராரி என்ற இடத்தில் 2009-லேயே இடிபாட்டைப் பதப்படுத்தும் ஆலை தொடங்கியது. அங்கே செய்த கட்டுக்கற்கள் உச்ச நீதிமன்றத்தின் விரிவாக்கக் கட்டடத்துக்கே போயிருக்கின்றன. சென்னையிலும், பெருங்குடி, கொடுங்கையூர் ஆகிய இடங்களில் இத்தகைய ஆலைகள் அமைந்துள்ளன. எனினும் இவற்றிலிருந்து வெளிவருவதில் பெரும் பகுதி நடைபாதைக் கல்லாகவும் ஓரக்கல்லாகவும் நிரப்பு மண்ணாகவுமே செலவாகிறது. வீட்டின் தளத்துக்கும் தூணுக்கும் போவது சொற்பம். வருகிற கழிவு கலப்படமாக வருகிறவரையில் அதைக் குறைந்த வேலைக்குத்தான் அனுப்ப முடியும் என்பதே இதன் முதற்காரணம்.

ஆகையால் பழைய ஜல்லியின் பலம் கிரஷரிலோ ஆராய்ச்சிச்சாலையிலோ நிச்சயமாவதைவிட, வீட்டை இடிக்கிற அன்றைக்கே பெரும்பாலும் நிச்சயமாகிவிடுகிறது. பழைய வீட்டை இடிக்கப்போகும் வாசகர்கள், ஒப்பந்தம் எழுதும்போதே, ஜிப்சம் பலகையையும் மரத்தையும் கண்ணாடியையும் முதலில் கழற்றி எடுத்துவிட்டு, கான்கிரீட்டைத் தனியாகவும் செங்கல்லைத் தனியாகவும் குவிக்க வேண்டும் என்றும், அவற்றை நகராட்சி காட்டும் இடத்துக்கே அனுப்பி ரசீது தர வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம். புது வீடு கட்டுகிறவர்கள், இடித்த கட்டடத்தின் துண்டுகளைத் தாமாகவே உடைத்துத் தூணில் போட்டுவிடும் துணிச்சலுக்கு ஒருபோதும் இடங்கொடுக்கக் கூடாது. தரம் பார்த்த ஜல்லியை, பொறியாளர் சொன்ன அளவில், பரீட்சைக் கட்டி வார்த்துப் பார்த்தபின் போடுவதற்குத் தயங்கவும் கூடாது. நூற்றுக்கு இருபது பங்கு என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கட்டுகிற வீடுகள் அனைத்திலும் அந்த இருபது பங்கு பழைய ஜல்லியாகுமானால், இன்று வீட்டு ஜல்லிக்காகக் கிரஷருக்குப் போகும் ஐந்து லாரிப் பாறையில் ஒன்று மலையிலேயே நின்றுவிடும்.